விலை சொல்வது யார்?



கணக்குப் பாடத்தில் அடக்க விலை, விற்ற விலை, லாபம், நட்டம் எல்லாம் படித்திருக்கிறோம். அந்தக் கணக்குகளில் விற்கிறவர்தான் விலை சொல்வார். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

எங்க அப்பா பாக் நீரிணையில் வத்தையில் நண்டு வலைக்குப் போகிறார். சாயங்காலம் வலையை விட்டுவிட்டு, விடியற்காலை 3 மணிக்குப் போய் இழுத்து வருவார். மார்கழி வாடைக் காத்துல நனைந்து நடுங்கிக்கொண்டு கரை ஏறுவார். கை முழுக்க நண்டு கடித்த காயம். அம்மாவும் நானும் கால் உடையாமல் நண்டைக் கழட்டுவோம். உடைந்தால் விலை குறைந்துவிடும்.

அப்புறம் வியாபாரி வந்து எடை போடுவார். விலையும் அவரே சொல்வார். அப்பா ஒரு வார்த்தை பேச மாட்டார். ஏனென்றால், இழுவலைப் படகு ஒன்று எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போனபோது புது வலைக்கு அவர்தான் கடன் கொடுத்தார். கடன் தீரும்வரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது.

"வெளியில கூட விலை போகுதேம்மா?" என்று ஒருநாள் கேட்டேன். "சத்தமாப் பேசாதடி. அப்பத்தா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவர்தானே பணம் தந்தாரு" என்றார் அம்மா. அது உண்மைதான். ஆனால் உதவிக்கு நன்றி வேறு, உழைப்புக்கு விலை வேறு இல்லையா?

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். கடலுக்குப் போகிறவர் கணக்கும் அதேதான். இதற்கு வழியே இல்லையா? இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பல ஊர்களில் மீனவர் சங்கமே கரையில் மீனை ஏலம் விடுகிறது, கடனும் கொடுக்கிறது. விவசாயிகளுக்கான கிசான் கடன் அட்டையும் 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. எங்க அப்பாவுக்கு இது தெரியாது. மனு எழுதவும் தெரியாது.

நமக்குத் தெரியுமே! கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளே, இன்று ராத்திரி ஒரு நோட்டு எடுங்கள். எத்தனை கிலோ, என்ன விலை, டீசல் எவ்வளவு, கடனில் கழித்தது எவ்வளவு என்று தினமும் எழுதுங்கள். பேங்குக்கு மனு எழுத ஆசிரியர்கள் நமக்குச் சொல்லித் தர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நான் நோட்டுப் போட்டு 12 நாள் ஆகிறது. நேற்று அப்பாவே வந்து, "என்ன ஆத்தா, இன்னைக்கு எழுதலையா?" என்று கேட்டார்.

கணக்கு எழுதுவோம்! நம் விலையை நாமே சொல்வோம்!



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி