பழைய காருக்கு கெட்டி ஆயில் தேவையா?

'2004-ம் ஆண்டு வாங்கிய மாருதி 800 பெட்ரோல் கார். ஆயில் குறைந்துகொண்டே வருகிறது. 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். வீட்டில் இருக்கும் டிராக்டர் ஆயிலையே ஊற்றலாமா?'
- வாசகர், திருத்தணி.

திருத்தணியில் கோடை வெயில் சதமடிப்பது வாடிக்கை. அதனால் கெட்டி ஆயில்தான் தாங்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஓடும் இன்ஜினுக்குள் ஆயில் எப்படியும் 100 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும்.

'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஆயில் ஓடும் தன்மையைச் சொல்வது. 20டபிள்யூ ஆயிலைச் சோதிப்பதே மைனஸ் 15 டிகிரியில்! திருத்தணியின் மார்கழிக்கு அது தாராளம். பின்னால் உள்ள எண்தான் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைக் காட்டும். காரின் கையேட்டில் உள்ள கிரேடுதான் முதல் கணக்கு. கையேடு தொலைந்திருந்தால், பழைய 800-க்கு 20டபிள்யூ-40 ஊற்றுவது வழக்கம்.

50-க்கு மாறும் முன், ஆயில் எங்கே போகிறது என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்து நின்றுவிட்டால், பெரும்பாலும் வால்வு சீல். ஏற்றத்தில் தொடர்ந்து வந்தால், பிஸ்டன் ரிங். (கோயில் மலைப்பாதையில் பின்னால் வருபவரைக் கேட்டாலே தெரிந்துவிடும்.) புகையே இல்லையென்றால், கார் நிற்கும் தரையில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டி ஆயில் புகையைக் கொஞ்சம் குறைக்கும், தேய்மானத்தைச் சரிசெய்யாது.

டிராக்டருக்கான 15டபிள்யூ-40 டின்னில் சிஐ-4 என்பதோடு எஸ்எல் போல 'எஸ்' எழுத்தில் தொடங்கும் குறியீடும் இருந்தால், இந்த காருக்கு ஊற்றலாம். 'சி' மட்டும் என்றால் வேண்டாம். கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயில் கூடவே கூடாது.

ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், உடனே இன்ஜினை நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தும் எரிந்தால், பட்டறைக்குக் கட்டி இழுத்துத்தான் போகவேண்டும்.