புது சீட் போடுகிறீர்களா?

மோட்டார் சைக்கிளில் வெகுதூரம் போகிறவர்கள், பழைய சீட்டைக் கழற்றிவிட்டு வேறு சீட் வாங்கிப் போடுகிறார்கள். இடுப்பு வலி குறைய வேண்டும் அல்லவா? அதில் தவறு இல்லை.

ஆனால், பின்னால் உட்காரும் மனைவியையும் நினைக்க வேண்டும்! சில வண்டிகளில் அவர் பிடித்துக்கொள்ளும் வார், பழைய சீட்டோடு போய்விடுகிறது.

பின் சீட் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று நம் நாட்டின் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. கைப்பிடி கட்டாயம் என்று 1989-ம் ஆண்டு விதி சொல்கிறது.

சீட்டை மாட்டியதும் போல்ட்டுகளை இறுக்குங்கள். இரு கைகளாலும் தூக்கிப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கைப்பிடி இல்லையா? முதலில் அதைப் போடுங்கள்.

பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது காப்பாற்றுவது மெத்தை அல்ல, கைப்பிடிதான்!