பிடிவாதம் யாருடையது?



போன மாதம் அம்மாவின் வேலை மதிப்பீட்டுக் கடிதம் வந்தது. லண்டனில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவா. "மாற்றத்தை எதிர்க்கும் இயல்புடையவர்" எண்டு அதில் எழுதியிருந்தார்கள். "இது நல்லதோ கூடாததோ, பிள்ளை?" எண்டு என்னட்டைக் கேட்டா.

எனக்கு வெட்கமாய்ப் போச்சு. நான் முதுகலையில் படிப்பதே இதைத்தான். 2003இல் ஷாவுல் ஒரெக் என்ற ஆய்வாளர், மாற்றத்தை எதிர்க்கும் மனப்பாங்கை அளக்க 17 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார். வழமையை விரும்புவது, மாற்றம் என்றதும் பதறுவது, உடனடிச் சிரமத்தை மட்டும் பார்ப்பது, எண்ணத்தை இலகுவில் மாற்றாதது என்று அதற்கு நாலு பக்கம். மோசமான ஆய்வு எண்டு சொல்ல மாட்டன். ஆட்களுக்குள்ள வித்தியாசம் இருக்குத்தான். ஆனால் வந்த மாற்றம் நல்லதா, யாருக்கு நல்லது என்று அளப்பது அதன் வேலை இல்லை. அது ஒரு மனேஜரின் கையில் முத்திரையாக மாறும்போதுதான் பிரச்சினை.

அம்மா எதிர்த்தது என்ன? ஒவ்வொரு வீட்டிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் போனில் ஆப்பை அழுத்த வேண்டும். ஒரு வீட்டில், நிலத்துக்குக் கீழே உள்ள தளத்தில், சிக்னல் இல்லை. அழுத்தினாலும் பதியாது. பதியாத நேரத்துக்குச் சம்பளம் இல்லை. இதை மூன்று தரம் சொன்னா. பிறகு ஒரு கொப்பியில் நேரத்தை எழுதத் தொடங்கினா. ஆப்பை அவ ஒருநாளும் மறுக்கேல்லை, இரண்டையும்தான் செய்தா.

பிரித்தானியத் தபாலகத்தின் ஹொரைசன் கணினி முறைமை உங்களுக்கு நினைவிருக்கும். 1999இல் இருந்து கிளைத் தபாலகங்களில் கட்டாயமாக்கப்பட்டது. கணக்கு உதைக்குது என்று முறையிட்டவர்களுக்கு, வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை என்றே பதில் வந்தது. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள், அவர்களில் தெற்காசியர்களும் பலர். வேல்ஸில் கிளை நடத்திய அலன் பேட்ஸின் ஒப்பந்தத்தை 2003இல் முறித்தார்கள். அவர் கட்டுக்கடங்காதவர் என்ற தொனியில் அவர்களின் உள் ஆவணம் ஒன்று பேசியது. அவரும் மற்றவர்களுமாக 555 பேர் தொடுத்த வழக்கில், முறைமையில் பிழைகள் இருந்தன என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொன்னது.

அப்ப ஆளின் குணத்துக்கு இதில் இடமே இல்லையோ? இருக்கு. அம்மாவோட வேலை செய்யிற ஒரு அன்ரிக்கும் அதே வீடு, அதே சிக்னல், அதே வெட்டு. அவ வாயே திறக்கேல்லை. மதிப்பீட்டில் அவவுக்கு "நன்கு ஒத்துழைப்பவர்". யார் முதலில் வாய் திறப்பார் என்பதைக் குணம் தீர்மானிக்கும். சம்பளம் வெட்டுப்பட்டதைக் குணம் தீர்மானிக்கேல்லை.

வாற வியாழன் மனேஜரோட சந்திப்பு. அம்மா கொப்பியோட போறா, அன்ரியும் வாறன் எண்டிருக்கிறா. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆப் இருந்தால், அது எதைப் பதியுது, எதை விடுகுது எண்டு கேட்டு எழுதி அனுப்புங்கோ. அடுத்த மடலில் சேர்த்துப் போடுவம்.