பத்து நிமிஷப் பிட்லா

ஓட்டலிலிருந்து வீட்டுக்கு வரவழைக்கும் சாப்பாட்டின் பில்லில், சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத வரிகள் ஒவ்வொன்றாக முளைத்துக்கொண்டிருக்கின்றன. வரி என்பதை இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ளலாம். 'பிளாட்ஃபார்ம் கட்டணம்' என்ற ஒன்றை 2023 ஏப்ரலில் ஸ்விக்கி 2 ரூபாயில் ஆரம்பித்து வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸொமேட்டோவும் 2 ரூபாயோடு வந்து சேர்ந்தது. 2025 முடிவதற்குள் இரண்டிலுமே அது 10 ரூபாயைத் தாண்டிவிட்டது. ரயில் நிலையத்திலும் பிளாட்ஃபார்ம் டிக்கெட் 10 ரூபாய்தான். அங்கே நிற்கவாவது இடம் கொடுக்கிறார்கள்.

இந்த வாரம் பார்வைக்கு வந்த பில், புனேயை ஒட்டிய ஹிஞ்சேவாடிப் பக்கத்து அடுக்ககம் ஒன்றுக்கு ஞாயிறு இரவு போனது. இரண்டு பிளேட் இட்லி சாம்பார் 140 ரூபாய், பேக்கிங் 20, கொண்டுவரும் கூலி 35, பிளாட்ஃபார்ம் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்த்து 25. ஆக, நான்கு இட்லிக்கு 220 ரூபாய். ஓர் இட்லி 55 ரூபாய். 2013ல் சென்னையில் திறந்த அம்மா உணவகத்தில் இட்லி 1 ரூபாய்க்கு விற்றது. அரசு மானியத்தோடு இதை ஒப்பிடுவது நியாயமில்லைதான். பசித்த வயிறு நியாயம் பார்ப்பதில்லை.

அந்த இட்லியோடு வந்த சாம்பார் இனித்தது. புனே சாம்பாரின் மீது இந்தப் பத்தி தொடுத்த வழக்கு எத்தனை முறை வாய்தா வாங்கியிருக்கிறது என்பது வழக்கமான வாசகர்களுக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாக: புனே வீடுகளில் தினசரிப் பருப்புக் குழம்பு ஆம்டி. அதில் துவரம்பருப்பு, புளி அல்லது கொடம்புளியின் தம்பியான ஆம்சூல், கோடா மசாலா, கடைசியில் ஒரு துண்டு வெல்லம். 'கோட்' என்றால் மராத்தியில் இனிப்பு. ஆம்டியாக அது நல்ல குழம்பு. வெல்லம் அதில் இருந்தே ஆக வேண்டும். அதே கை சாம்பார் வைக்கும்போதும் பழக்கதோஷத்தில் வெல்லத்துண்டைப் போட்டுவிடுகிறது. தஞ்சை மராத்திய அரண்மனையில் புளி போட்டுச் செய்த பருப்புக் குழம்புதான் சிவாஜியின் மகன் சம்பாஜியின் பெயரால் சாம்பார் ஆனது என்றொரு கதை உண்டு. ஆதாரம் கிடையாது, சொல்வதற்கு நன்றாக இருப்பதால் நிலைத்துவிட்டது. கதை நிஜமாகவே இருந்தாலும், போன சரக்கை அப்படியே திருப்பிக் கொடுப்பதுதானே மரியாதை, சர்க்கரை தூவியா கொடுப்பது?

வழக்கு இருக்கட்டும். வெளியூரிலிருந்து வந்தவர் வயிற்றை நிரப்பிக்கொள்வது என்பது புனேயில் நெடுங்காலமாக ஒரு தனி ஏற்பாடு. படிக்க வந்த ஏழைப் பிராமணப் பையன்கள் மதுகரி எடுத்தார்கள். வீடுவீடாகப் போய்ச் சமைத்த சோற்றை வாங்கி வருவதற்கு, பூப்பூவாகத் தேனெடுக்கும் வண்டின் பெயர். சற்று மேலான ஏற்பாடு, 'வார்' வைத்துச் சாப்பிடுவது: திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு நாளுக்கு ஏழு வீடு. தமிழ்நாட்டிலும் இதற்கு வாரச்சாப்பாடு என்றே பெயர். பிறகு கானாவள் வந்தது, அதாவது மெஸ். சதாசிவ் பேட்டையில் அரசுத் தேர்வுக்குப் படிக்கும் ஆயிரக்கணக்கானவர்கள் இன்றும் மெஸ்ஸையும் அறைக்கு வரும் டப்பாச் சாப்பாட்டையும் நம்பித்தான் இருக்கிறார்கள். இரண்டு வேளைக்கு மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் ஆகும். புகாருக்கு இடமில்லாத விலை. ஆனால் புனே மெஸ்களுக்கு ஒரு பொது வழக்கம்: ஞாயிறு மதியம் இனிப்போடு விருந்து, ஞாயிறு இரவு கதவடைப்பு. 55 ரூபாய் இட்லி பெரும்பாலும் அந்த இரவில்தான் பிறக்கிறது.

ஞாயிறு இரவைத் தாண்டியும் அது ஏன் தொடர்கிறது என்பதற்குக் காரணம் சோம்பல் என்று சொல்லிவிடுவது வழக்கம். அது தப்பு, பேராசைதான் காரணம். புனேக்கு வேலைக்கு வரும் தமிழர் முதல் மாதமே குக்கர், இரண்டு வாணலி, மிக்ஸி, இரண்டு கிலோ துவரம்பருப்பு எல்லாம் வாங்குகிறார். ராஸ்தா பேட்டைக்கோ கட்கிக்கோ போய், பழைய தமிழ்க் குடும்பங்களை நம்பி இருக்கும் கடைகளில் சாம்பார்பொடியும் நல்லெண்ணெயும் பிடித்து வருகிறார். திங்கள்கிழமை சாம்பார், ரசம், பொரியல், அப்பளம். செவ்வாய்க்கிழமை சாம்பார், பொரியல். புதன் அன்று ரசம் மட்டும். வியாழன் அன்று தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு போனைக் கையில் எடுக்கிறார். முழுச் சாப்பாடு என்பது இன்னொருவர் சமைத்துப் போட்ட காலத்தின் அளவு. தனியாளுக்கு அது அளவு கடந்த சட்டை.

தனியாளுக்குத் தேவை, ஆர்டர் வந்து சேரும் நேரத்துக்குள் முடிகிற, ஒரே பாத்திரத்தில் அடங்குகிற, தோற்றாலும் தின்ன முடிகிற ஒரு பண்டம். மராத்தியரிடம் அது இருக்கிறது. பெயர் பிட்லா.

'பீட்' என்றால் மாவு. பிட்லா என்றால் கடலைமாவைக் கரைத்துக் காய்ச்சியது. ஓர் ஆளுக்குக் கால் கிண்ணத்துக்குச் சற்று மேலாகக் கடலைமாவு போதும். முதலில் அதைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். மாவு ஒரு பங்கென்றால் தண்ணீர் மூன்று பங்கு. எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், பெருங்காயம், நசுக்கிய பூண்டு, கீறிய பச்சை மிளகாய், நீளவாக்கில் நறுக்கிய ஒரு வெங்காயம், மஞ்சள்தூள். வெங்காயம் பொன்னிறமாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வதங்கினால் போதும். கரைசலை ஊற்றி உப்புப் போட்டுக் கிளற வேண்டும். இந்த இடத்தில் கையை எடுக்கக் கூடாது. ஒரு நிமிஷத்தில் கரைசல் சட்டென்று இறுகும். இறுகியதும் தீயைக் குறைத்து மூடிவிட்டால், ஆவியில் ஐந்து நிமிஷம். மூடியைத் திறக்கும்போது பச்சை மாவு வாசனை போய், கடலை வறுத்த வாசனை வர வேண்டும். ஓரத்தில் எண்ணெய் லேசாகப் பிரிந்து மினுங்கினால் ஆயிற்று. மேலே கொத்தமல்லி. தண்ணீரைக் குறைத்து உதிரியாகக் கிளறினால் அதன் பெயர் ஜுண்கா. கரைக்கும்போது கட்டி தட்டிவிட்டதா? அதையும் 'காட்டிச்ச பிட்லா' என்று வேண்டுமென்றே செய்து சாப்பிடுகிறவர்கள் உண்டு. தவறு செய்தாலும் அதற்கொரு பெயர் வைத்துக் காப்பாற்றுகிற சமையல் உலகத்தில் அதிகம் இருக்காது.

இதைப் படிக்கும் மதுரைக்காரருக்கோ திருநெல்வேலிக்காரருக்கோ நடுவிலேயே சந்தேகம் வந்திருக்கும். சந்தேகம் சரிதான், இது பாம்பே சட்னி. பூரிக்கும் இட்லிக்கும் ஊற்றிக்கொள்ள, தண்ணீர் கூட்டி நீர்க்க வைத்திருக்கிறோம். மற்றபடி கடலைமாவு, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் எல்லாம் அதேதான். மும்பையில் யாரிடமாவது பாம்பே சட்னி கேட்டால் விழிப்பார்கள். பிட்லா என்றால் உட்கார வைத்துப் போடுவார்கள். பாகற்காயும் துவரம்பருப்பும் வறுத்தரைத்த மசாலாவுமாகச் செய்யும் தஞ்சாவூர்ப் பிட்லைக்கும் இதற்கும் காதுக்குத்தான் உறவு, நாக்குக்கு இல்லை. தஞ்சாவூரை மராத்தியர் 1676லிருந்து 1855வரை ஆண்டதற்கு அந்தப் பெயர் ஒரு மிச்சமாக இருக்கலாம். போளி இன்னும் பெரிய குழப்பம். நமக்குப் போளி என்றால் பூரணம் வைத்த இனிப்பு. புனேயில் 'போளி' என்றால் வெறும் சப்பாத்தி. இனிப்புக்குப் 'பூரண் போளி' என்று முழுப்பெயர் சொல்ல வேண்டும். 'போளி பாஜி கேந்திரா' என்ற பலகையைப் பார்த்து நாக்கில் நீர் ஊற உள்ளே போன தமிழர்கள் நான்கு சப்பாத்தியோடு வெளியே வருவது நடைமுறை.

ஏமாற்றம்தான் என்றாலும், அந்தக் கடைதான் தனியாள் சமையலுக்குப் பாதி விடை. மாவு பிசைவதும் இடுவதும்தான் நேரத்தைத் தின்னும் வேலை. அதை அங்கே பத்து ரூபாய்ச் சுமாருக்கு ஒரு சப்பாத்தி என்று வாங்கிவிட்டால், வீட்டில் பிட்லா மட்டும் கிளறினால் போதும். பிட்லாவுக்குச் சரியான ஜோடி சோளமாவு பாக்ரிதான் என்று மராத்தியர் கோபிப்பார்கள். சோளமாவில் பசை கிடையாது. வெந்நீர் விட்டுப் பிசைந்து உள்ளங்கையால் தட்டிப் பெரிதாக்க வேண்டும். அது மணிக்கட்டின் கல்வி, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வராது. சுடுசோறு போதும், சண்டை வேண்டாம்.

சமையல் புத்தகங்கள் இந்த இடத்தில் உதவுமா? இந்தப் பத்தியில் அடிக்கடி தலைகாட்டும் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் 1951ல் வந்தது. இளம் வயதில் கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டுபோன குறிப்புகளைப் புத்தகமாக்கச் சொன்னது அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். படி, ஆழாக்குக் காலத்துப் புத்தகம் அது. கண்டிப்பானது. 'தேவையான அளவு' என்று கைகழுவாமல், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் காட்டுகிற குரல். மராத்தியில் அதற்கு ஈடு கமலாபாய் ஓகலேயின் 'ருசிரா', 1970. அவர் செய்த பெரிய காரியம், எல்லா அளவையும் வாட்டியிலும் கரண்டியிலும் சொன்னது. வாட்டி என்பது எந்த மராத்திய வீட்டிலும் இருக்கும் சின்னக் கிண்ணம். தராசு வேண்டாம், படி வேண்டாம், பக்கத்தில் மாமியாரும் வேண்டாம். இரண்டு புத்தகங்களும் தாய்வீட்டிலிருந்து தொலைதூரம் போன பெண்களுக்குத் துணையாக இருந்தவை. குடும்பத்துக்குச் சமைத்தவர்கள் எழுதியவை என்பதால், ஓர் ஆள், ஓர் அடுப்பு, இரவு ஒன்பதரை மணி என்ற நிலைமை அவற்றுக்குப் புதிது. ஆனாலும் தனியாள் எடுத்துக்கொள்ள வேண்டியது ருசிராவின் கிண்ணக் கணக்கை: ஒரே கிண்ணத்தை மாவுக்கும் தண்ணீருக்கும் பிடித்துக்கொண்டால், எடை தெரியாமலே பிட்லா தவறாது.

இந்தப் பண்டத்தின் மலிவை அரசியலும் கண்டுபிடித்தது. 1995ல் மகாராஷ்டிரத்தில் ஆட்சிக்கு வந்த சிவசேனை, பாஜக கூட்டணி, 1 ரூபாய்க்கு ஜுண்கா பாக்ரி என்று ஊரெங்கும் கடைகளைத் திறந்தது. சில ஆண்டுகளில் திட்டம் நின்றது. கடைகள் மட்டும் நிற்கவில்லை: பலவும் வடா பாவுக்கும் மற்ற பலகாரங்களுக்கும் மாறிக்கொண்டு, இடத்துக்காக வழக்காடின. 2020 ஜனவரி 26 அன்று வந்த சிவபோஜன் தாலி 10 ரூபாய்க்குச் சப்பாத்தி, காய், சோறு, பருப்பு என்று வேறு வழியில் போனது. ஊரடங்கில் அதை 5 ரூபாயாகக் குறைத்தார்கள்.

அதே பிட்லா இன்னொரு பக்கம் சுற்றுலாப் பண்டமும் ஆகிவிட்டது. புனேயிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில் சிங்ககட் கோட்டை. சிவாஜியின் தளபதி தானாஜி 1670ல் உயிரைக் கொடுத்துப் பிடித்த மலை. மழைக்காலத்துச் சனி, ஞாயிறுகளில் ஐடி கம்பெனிக் கூட்டம் அதன்மேல் ஏறுகிறது. உச்சியில் கிராமத்துப் பெண்கள் விறகடுப்பில் பிட்லா பாக்ரி போடுகிறார்கள். பக்கத்தில் பச்சை மிளகாயை இடித்த தேச்சா, கைமுஷ்டியால் குத்தி உடைத்த வெங்காயம், சின்ன மண்சட்டியில் உறைந்த தயிர். நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, இதுபோல ருசி உண்டா என்று படம் எடுக்கிறார்கள். விறகும் பசியும் மலைக்காற்றும் சேர்ந்த ருசி அது, கொடுத்த காசு வீண் இல்லை. இறங்கி வந்த அன்று இரவு அதே கூட்டம் இட்லிக்கு ஆர்டர் போடுவதுதான் கணக்கில் இடிக்கிறது.

கணக்கு இது. நாற்பது கிராம் கடலைமாவு, கிலோ 100 ரூபாய் சுற்றளவில், 4 ரூபாய். வெங்காயம் 4, எண்ணெய் 3, பூண்டு, மிளகாய், கொத்தமல்லிக்கு 3, பத்து நிமிஷ கேஸ் 2. கடையில் வாங்கிய சப்பாத்தி இரண்டுக்கு 20. மொத்தம் 36 ரூபாய். சோறோடு என்றால் இன்னும் குறையும். 220 ரூபாய் பில்லோடு வித்தியாசம் 184 ரூபாய். வாரத்தில் மூன்று இரவு மட்டும் இப்படி என்றாலும் மாதம் 2,200 ரூபாய் மிஞ்சுகிறது. மெஸ் பணத்தில் முக்கால்பங்கு. மற்ற நான்கு இரவுகளில் டப்பாவோ ஓட்டலோ நண்பர் வீடோ, அது அவரவர் பாடு. ஏழு நாளும் சமைப்பேன் என்று சபதம் எடுக்கிறவர்தான் வியாழக்கிழமை விழுகிறார்.

பிட்லா அலுத்த இரவுக்கு மேத்கூட் இருக்கிறது: பருப்புகளையும் அரிசியையும் வெந்தயத்தோடு வறுத்து அரைத்த பொடி, நம் பருப்புப்பொடிக்கு மாமன் மகள். குழைந்த சோறு, நெய், அதன்மேல் இரண்டு கரண்டி மேத்கூட். காய்ச்சல்காரர்களுக்கும் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களுக்கும் புனே வீடுகளில் இதுதான்.

கடலைமாவை மளிகைக் கடையில் பேசன் என்றும் மாவு மில்லில் 'டாளிச்ச பீட்' என்றும் கேட்க வேண்டும். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை, புனேயில் மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில், ஒரு தடவைக்கு அரை கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம். வண்டு பிடித்துவிடும்.