மரம் பேசுறது இருக்கட்டும், மண்ணை மூச்சு விட விடுங்க

சென்னையில் இருக்கிற தங்கச்சி மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். மண்ணுக்கடியில் பூஞ்சை இழை வழியாக மரங்கள் பேசிக்கொள்கின்றனவாம். தாய் மரம் பிள்ளை மரத்துக்குச் சோறு ஊட்டுதாம். "பாத்தீங்களா மாமா, என்ன பாசம்!" என்று கீழே ஒரு வரி.

பாத்தேன்டா தம்பி. உன் அடுக்குமாடி வாசல்ல நிக்கிற வேப்பமரத்தையும்தான் பாத்திருக்கேன். அடிமரம் வரைக்கும் சிமெண்டு. உதிர்ற இலையை அன்னன்னைக்கே கூட்டி மூட்டை கட்டிக் குப்பை வண்டியில ஏத்துறீங்க. அந்த மரம் எந்தப் பூஞ்சையோட பேசும்?

அந்த வீடியோவின் மூலக்கதை கனடா காட்டில் நடந்தது. 1997-ல் சுசான் சிமார்டும் கூட்டாளிகளும் பிர்ச் மரத்திலிருந்து டக்ளஸ் ஃபிர் மரத்துக்குக் கார்பன் போவதை அளந்து காட்டினார்கள். அது நல்ல ஆராய்ச்சி. ஆனால் அதன்மேல் கட்டிய தாய்ப்பாசக் கதைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2023-ல் மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதில் ஒருவரான மெலனி ஜோன்ஸ், 1997 கட்டுரையிலும் பெயர் போட்டவர்.

நம்ம வேம்பு, மா, புளி, தென்னையோட வேரில் குடியிருப்பது வேறு வகை. விவசாய அதிகாரிகள் 'வேம்' என்பார்கள், வேர் உட்பூசணம். மண்ணில் மணிச்சத்து நகராது. வேர் தன்னைச் சுத்தி இருக்கிறதைத் தின்னு முடிச்சதும் பட்டினிதான். வேரைவிட மெல்லிய பூஞ்சை இழை அதையும் தாண்டிப் போய் எடுத்து வரும். கூலியாக மரம் சர்க்கரையும் கொழுப்பும் கொடுக்கும். இதில் பாசம் இல்லை, கொடுக்கல் வாங்கல்தான். வேரும் பூஞ்சையும் சுமார் 40 கோடி வருஷமாகச் செய்கிற கொடுக்கல் வாங்கல்.

அதைக் கெடுக்கிறது எப்படின்னு என்னைக் கேளுங்க. தென்னைக்கு டிஏபியை அள்ளி அள்ளிப் போட்டவன் நான். மணிச்சத்து சும்மா கிடைச்சா மரம் ஏன் கூலி கொடுக்கும்? பூஞ்சையை வெளியில நிறுத்திடும். உரத்தை நிறுத்தினா ரெண்டும் இல்லாம நிக்கும். என் தப்பு என் கொல்லையோட போச்சு. நீங்க ஊரையே மூடுறீங்க.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா எங்க பக்கத்தைப் புரட்டிப் போட்டது. அப்புறம் எத்தனை கன்று நடும் விழா! பையோட சுருண்ட வேர், குழியில ஒரு கை உரம், ஒரு போட்டோ. பக்கத்துப் பெரிய மரத்தடி மண்ணை ரெண்டு கை அள்ளிப் போடுங்கன்னேன். யாரும் காதுல வாங்கலை.

'வேம் பாக்கெட் வாங்கிப் போட்டா போச்சு' என்பீர்கள். போடுங்க, தப்பில்லை. ஆனால் மேலே சிமெண்டு, கீழே உரம் என்றால் அது எங்கே பிழைக்கும்?

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் சிமெண்டை எடுக்கச் சொல்லி 2013-லேயே டெல்லிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. உங்க தெருவுக்கு யாரும் உத்தரவு போடணும்னு காத்திருக்க வேண்டாம். ஒரு கடப்பாரை போதும். உதிர்ந்த இலையை அங்கேயே விடுங்க.

அப்புறம் அனுப்புடா தம்பி, எத்தனை வீடியோ வேணும்னாலும் பாக்குறேன்.