கிட்டார் பழகும் பிள்ளைகளின் கைகளைக் கவனியுங்கள்



சென்ற பொங்கல் விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, என் மகன் காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறினான். இடது மணிக்கட்டில் வலி. விரல்கள் மரத்துப் போயிருந்தன. தினமும் இரண்டு மணி நேரம் இடைவெளியே விடாமல் கிட்டார் வாசித்திருக்கிறான். "இன்னும் வேகமா வாசிடா, அப்பதான் கைதட்டுவாங்க" என்று அவனைத் துரத்தியது நான்தான். மருத்துவர் ஓய்வு தரச் சொன்னார். மேடை ஏற வேண்டியவன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

விரல்களுக்குப் பலம் தரும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் உள்ள ஒரு குறுகலான வழியாகத்தான் போகின்றன. மணிக்கட்டை வளைத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் வேகமாக வாசித்தால் அந்த இடத்தில் அழுத்தம் கூடுகிறது.

அப்படியானால் வேகம் எப்படி வரும்? நம் கர்நாடக இசையில் சரளி வரிசையை முதல் காலத்தில் சுத்தமாகப் பாடிய பிறகுதானே இரண்டாம், மூன்றாம் காலத்துக்குப் போகிறோம்? கிட்டாருக்கும் அதே வழிதான். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்துத் தொடங்கட்டும். பிசிறில்லாமல் வந்த பிறகு நான்கு, ஐந்து தட்டுகள் கூட்டலாம். அவசரத்தில் செய்யும் தவறையும் விரல் பழகிக்கொள்ளும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

• 20 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் ஓய்வு.
• மணிக்கட்டு முடிந்தவரை நேராக, தோள் தளர்வாக இருக்கட்டும்.
• ஃபிரெட்டை ஒட்டி விரல் வைத்தால் மெதுவாக அழுத்தினாலே போதும்.
• சிறு பிள்ளைகளுக்குச் சிறிய அளவு கிட்டார் வாங்குங்கள்.

புதிதாகப் பழகும்போது விரல் நுனி எரிவது இயல்பு. சில வாரங்களில் தோல் தடித்துச் சரியாகிவிடும். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரல்களில் மரமரப்பு என்றால் வாசிப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். நான் அப்படிச் சொல்லித்தான் ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

என் மகன் இப்போது மறுபடியும் வாசிக்கிறான், நிதானமாக. அடுத்த விழாவில் மெதுவாக, ஆனால் சுத்தமாக வாசிக்கும் பிள்ளைக்கும் நாம் எல்லோரும் பலமாகக் கைதட்டுவோமே!