கலெக்‌ஷன் பேட்டாவும் என் அப்ரைசலும்

போன ஞாயித்துக்கிழமை திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்கு அரசு பஸ்ஸில் போனேன். வழியில் ஒரு பாட்டி மல்லாட்டை மூட்டையோடு ஏற முடியாமல் தடுமாறினார். கண்டக்டர் இறங்கி மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்து, "மெதுவா ஏறு ஆயா" என்றார்.

அரசு பஸ்ஸில் சம்பளம் போக கலெக்‌ஷன் பேட்டா உண்டு. டிக்கெட் வசூல் கூடினால் பேட்டாவும் கூடும். டிரைவர்னா டீசல் சிக்கனத்துக்கு கே.எம்.பி.எல். கணக்கு. ஆனா மூட்டை தூக்கினதை எழுத எந்தக் கணக்கிலும் கட்டம் இல்லை.

தீபாவளி போனஸ் வேற மாதிரி. 2024-ல் தமிழக அரசுப் பொதுத்துறை சி, டி பிரிவு ஊழியர்களுக்கு 20 சதவீதம் அறிவிச்சாங்க. எல்லாருக்கும் ஒரே அளவு, அதனால பொறாமை இல்லை. ஆனா நல்லா உழைச்சவருக்குத் தனியா ஒரு பாராட்டும் இல்லை.

நம்ம ஐடி பொழப்பு? வரிசைப்படுத்தி ரேட்டிங் போடுற முறையை மைக்ரோசாஃப்டே 2013-ல் கைவிட்டது. எங்க டீம்ல ராத்திரி உட்கார்ந்து புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நண்பருக்குக் கிடைச்சது 'ஆவரேஜ்'. அவர் முடிச்ச டிக்கெட் கம்மியாம்! (இது பஸ் டிக்கெட் இல்லீங்க, பக் டிக்கெட்.) மூணே மாசத்துல பேப்பர் போட்டுட்டார்.

எண்ணிக்கை வேண்டாம்னு சொல்லல. அது பாதி இருக்கட்டும், மீதியைக் கூட வேலை பார்க்கிறவங்க சொல்லட்டும்.

இந்த வாரம் முதல்முறையா நானே ரெண்டு ஜூனியருக்கு ரேட்டிங் போடணும். யார் மூட்டை தூக்கினாங்கன்னு டீமைக் கேட்டுட்டுதான் போடப்போறேன்.

உங்க ஆபீஸ்ல எப்படி மக்களே?